ரியூட்டை மூடிவிட்டு அலுமாரிப் பக்கம் வாருங்கள்: கம்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் வழி

பரீட்சைக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் கம்பஸ், அதாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் போனால் இருக்க இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் மேசைகளில் விரிந்து கிடப்பது பெரும்பாலும் விரிவுரைக் குறிப்பின் போட்டோக்கொப்பியும், குப்பியில் (சீனியர் மாணவர்கள் எடுக்கும் வகுப்பில்) சீனியர் கொடுத்த தாள்களும்தான். நாலடி தள்ளி அலுமாரி அலுமாரியாகப் புத்தகம் நிற்கும். அந்தப் பக்கம் எழும்பிப் போகிறவர்கள் குறைவு.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உயர்தரம் வரைக்கும் எங்களை வளர்த்தது ரியூட், அதாவது ரியூசன் வகுப்பில் தரும் குறிப்புத் தாள். ரியூசன் சேர் தந்ததைத் திரும்பத் திரும்பப் பாடமாக்கினால் நல்ல பெறுபேறு வரும் என்று பழகித்தான் எல்லோரும் இங்கே வருகிறோம். கம்பசில் கேட்பது வேறு. இங்கே ஒரு விடயத்தைப் பற்றி யார் என்ன சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள், அதில் நீங்கள் எதை ஏற்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு ரியூட்டில் பதில் இருக்காது.

நான் புவியியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டுத் தற்காலிகமாகக் கற்பிக்கிறேன். ஒப்படை திருத்துவது என் வேலையில் பெரும் பங்கு. ஒரே இணையப் பக்கத்தின் ஒரே பந்தி, சொல் ஒன்றிரண்டு மாறி, பல பேரின் ஒப்படைகளில் வரும். நூலகத்துக்குப் போய்த் தேடின பிள்ளையின் ஒப்படை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்த வித்தியாசம் கெட்டித்தனத்தால் வருவதில்லை, தேடத் தெரிந்ததால் வருவது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கிழமையில் செய்ய வேண்டியது

அங்கத்துவ அட்டையை எடுங்கள். புதுமுக மாணவர்களுக்கு நூலகத்தை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி வைப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். அதற்குப் பிறகு படிக்கிற நோக்கமே இல்லாமல் ஒரு நாள் தனியாகப் போய் எல்லாத் தளத்தையும் சுற்றிப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது எது எங்கே என்பதை. எங்கள் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் ஒரே புத்தகத்தின் பிரதிகள் வெவ்வேறு இடத்தில் இருப்பது வழக்கம். ஒரு பிரதி இரவல் பகுதியில் இருக்கும், வீட்டுக்குக் கொண்டு போகலாம். இன்னொன்று குறுகிய நேரத்துக்கு மட்டும் தரும் பகுதியில் இருக்கும், மாலையில் எடுத்துக் காலையில் கொடுக்க வேண்டியதாக இருக்கும். மற்றது உசாத்துணைப் பகுதியை விட்டு அசையாது. "அந்தப் புத்தகம் இல்லை மிஸ்" என்று என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் இரவல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள். சரி, மற்ற இரண்டு இடத்தையும் பார்த்தீர்களா என்று கேட்டால் திரும்பிப் போவார்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மருத்துவ பீடத்துக்கும், கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் பீடங்களுக்கும் தனி நூலக வசதி உண்டு. கலைப்பீடப் பிள்ளை என்பதால் அவை உங்களுக்கு வேண்டாதவை என்று நினைக்க வேண்டாம். விவசாயம், நீர், மண், பொதுச் சுகாதாரம் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்கலாம். ஒன்லைன் பட்டியலில் எந்த நூலகம் என்று காட்டும். எடுப்பிக்க வழி உண்டா என்று கவுன்டரில் கேளுங்கள்.

எண்ணை வாசிக்கப் பழகுதல்

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் டூயி தசமப் பகுப்பு எண், அது எந்தத் துறை நூல் என்று காட்டும். 300 சமூக விஞ்ஞானம், 330 பொருளியல், 519.5 புள்ளிவிபரவியல், 610 மருத்துவம், 657 கணக்கியல், 894.811 தமிழ் இலக்கியம், 954.93 இலங்கை வரலாறு. உங்கள் பாடத்துக்கு வேண்டிய நாலைந்து எண்ணை மனதில் வைத்திருந்தால் போதும்.

இதில் ஒரு விடயத்தை மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். 551.49 என்பது 551.5க்கு முன்னால் நிற்கும். 49 பெரிது, 5 சிறிது என்று நினைத்துப் பின்னால் தேடினால் புத்தகம் கிடைக்காது. எண் ஒன்றாக இருந்தால் கீழே இருக்கும் எழுத்துகளின் வரிசையைப் பாருங்கள், அவை ஆசிரியர் பெயரில் இருந்து வருவன.

தமிழ் நூல்களைப் பட்டியலில் தேடும்போது பெயர்தான் சிக்கல். பேராசிரியர் கா. சிவத்தம்பியின் நூலைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். தமிழில் 'சிவத்தம்பி' என்று அடித்துப் பாருங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் ஒற்றை 'த'வாக ஒலிக்கிற மாதிரி, இரட்டையாக ஒலிக்கிற மாதிரி, கடைசி எழுத்தை இரண்டு விதமாக என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். முதலெழுத்தைச் சேர்க்காதீர்கள், அது ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு விதமாக இருக்கலாம். ஒரு பதிவு கிடைத்துவிட்டால் அதில் இருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்குங்கள். அதே விடயத்தில் இருக்கும் மற்ற நூல்கள் தானாக வரும்.

ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போதல்

நூலகத்துக்குத் தலைப்போடு போகாதீர்கள், கேள்வியோடு போங்கள். 'யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர்' தலைப்பு. 'வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று (நைட்ரேட்) ஏன் கூடுகிறது?' கேள்வி. வலிகாமம் என்பது குடாநாட்டின் ஒரு பகுதி. தலைப்போடு போனால் கையில் அகப்படுவதை எல்லாம் பார்த்து எழுதுவீர்கள். கேள்வியோடு போனால் வேண்டாததை விடத் தெரியும்.

இந்தக் கேள்வியையே எடுத்து, எப்படிப் போகலாம் என்று காட்டுகிறேன். இது நான் என் ஆய்வேட்டுக்காகப் போன பாதை.

விரிவுரையில் கேட்டது இவ்வளவுதான்: குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. முதலில் 551.49 பக்கம் போனேன். அங்கே நிலத்தடி நீரியல் பாடநூல்கள் இருக்கும். அவற்றை முதலில் இருந்து வாசிக்கத் தேவையில்லை. பின்பக்கச் சொல்லடைவில் தேடினால் கைபன்-ஹேர்ஸ்பேர்க் விதி என்று வரும். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அதன் சாரம். மறுபக்கமாகச் சொன்னால், அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே 1 அடி இறங்கினால் கீழே உவர்நீர் 40 அடி ஏறப் பார்க்கும். ஊரில் கிணறு ஏன் உவராகிறது என்பதற்கு அந்த ஒரு பக்கத்திலேயே அடிப்படை கிடைத்துவிடும்.

ஆனால் நைத்திரேற்று அந்த அலுமாரியில் இல்லை. குடிநீரின் தரம் 628.1இல். நீர் வளத்தின் பொருளாதாரம் 333.91இல். பசளையும் நீர்ப்பாசனமும் 631இல். ஒரே தண்ணீர், நாலு இடத்தில். நூலகம் துறைவாரியாக அடுக்கப்பட்டது, உங்கள் கேள்வி துறைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது. இதனால்தான் ஒரு அலுமாரியோடு நின்றால் ஒப்படை அரைகுறையாக முடிகிறது.

அங்கேதான் ஒரு முரண்பாடு எதிர்ப்பட்டது. ஒரு நூலில் குடிநீருக்கு நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று இருந்தது. இன்னொன்றில் 11 என்று இருந்தது. எது பிழை? இரண்டும் பிழை இல்லை. முதலாவது முழு நைத்திரேற்று அயனை அளக்கிறது. இரண்டாவது அதில் இருக்கும் நைதரசனை மட்டும் அளக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிப் பெறுமானத்தை இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். இதைக் கவனிக்காமல் ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொன்றின் எல்லையோடு ஒப்பிட்டால் நல்ல கிணறு கெட்ட கிணறாகிவிடும், கெட்டது நல்லதாகிவிடும். இரண்டு நூலையும் ஒரே மேசையில் விரித்து வைத்திருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. இணையத்தில் ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் பட்டிருக்காது.

நல்ல நூலோ கட்டுரையோ ஒன்று கிடைத்ததும் அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும் உசாத்துணைப் பட்டியலுக்குப் போங்கள். பின்னோக்கிப் போகும் வழி அது. முன்னோக்கிப் போக, கூகுள் ஸ்கொலரில் அந்தக் கட்டுரையின் பெயரைப் போட்டு, அதை மேற்கோள் காட்டியவை எவை என்று பாருங்கள். இப்படி இரண்டு பக்கமும் போனால், திரும்பத் திரும்ப வருகிற சில பெயர்கள் பிடிபடும். உங்கள் கேள்விக்கு அடிப்படையானவர்கள் அவர்கள்.

பழைய ஆவணங்களையும் விடாதீர்கள். யானையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே முன்வைத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று இன்றும் மேடைகளில் பேசப்படுவது அதுதான். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், அறிக்கைகளைத் தேடி வாசித்தவர்கள் சிலர். இலங்கை பற்றிய தனித் தொகுப்பு இருக்கும் பகுதியில்தான் இப்படியான அரசாங்க அறிக்கைகள் தேங்கியிருக்கும். அந்தப் பகுதிக்குள் நீங்களே போய் எடுக்க முடியாமல் இருக்கலாம், சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தச் சின்னச் சிரமத்துக்காகவே பலர் போவதில்லை. நீங்கள் போங்கள்.

எங்கள் ஊரைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு

நாட்டின் பெயர் 1972இல் மாறியது. அதற்கு முந்திய நூலையும் அறிக்கையையும் ஆங்கிலத்தில் தேடும்போது 'சிலோன்' என்று போடுங்கள். 'ஸ்ரீலங்கா' என்று மட்டும் தேடினால் பாதி நூற்றாண்டு உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும்.

மாவட்டமும் மாறியது. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது, அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. 1981 குடிசன மதிப்பீட்டின் யாழ்ப்பாணத் தொகையையும் 2012இன் தொகையையும் அப்படியே பக்கத்தில் வைத்து 'சனத்தொகை இவ்வளவு குறைந்தது' என்று எழுதிய ஒப்படைகளை நான் திருத்தியிருக்கிறேன். போரும் இடப்பெயர்வும் உண்மை, குறைந்ததும் உண்மை. ஆனால் எல்லை மாறியதால் வந்த குறைவைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பேச முடியும். பிரதேசவாரியான அட்டவணையை எடுத்துக் கிளிநொச்சிப் பிரிவுகளைக் கழியுங்கள். அந்த அட்டவணை நூலகத்தில் அச்சில் இருக்கும், இணையத்தில் முதல் பக்கத்தில் வராது.

இன்னொன்று. 1981க்கும் 2012க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் வடக்கிலும் கிழக்கிலும் பல மாவட்டங்கள் விடுபட்டன. அந்த இடைவெளிக்குக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வெளியிட்ட புள்ளிவிபரக் கைநூல்களும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளும்தான் ஆதாரம். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால், இல்லாத ஒன்றைத் தேடி நாள் போக்க மாட்டீர்கள்.

ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு பின்வாங்காமல்

தமிழ் மூலம் படிக்கிறோம், நூல்கள் ஆங்கிலத்தில். கலைப்பீடப் பிள்ளைகள் அலுமாரிப் பக்கம் போகாததற்குச் சொல்லாத காரணம் இதுதான் என்பது என் எண்ணம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

ஒரு அத்தியாயத்தை எடுங்கள். முதல் பந்தி, கடைசிப் பந்தி, இடையில் இருக்கும் உபதலைப்புகள், படங்களின் கீழ் எழுதியிருப்பது. இவ்வளவையும் முதலில் வாசியுங்கள். என்ன சொல்ல வருகிறார் என்பது பிடிபடும். பிறகு உங்கள் கேள்விக்கு வேண்டிய இரண்டு பக்கத்தை மட்டும் அகராதியோடு ஆறுதலாக வாசியுங்கள். அரசாங்கம் வெளியிட்ட கலைச்சொல் தொகுதிகள் உசாத்துணைப் பகுதியில் இருக்கும், பரீட்சையில் தமிழில் எழுதும்போது அந்தச் சொற்கள் கைகொடுக்கும். ஒரு துறையில் திரும்பத் திரும்ப வருவது ஒரு அளவான சொற்கள்தான். முதல் அத்தியாயம் வதைக்கும், மூன்றாவது நாலாவதில் ஓட்டம் வரும்.

குறிப்பெடுக்க நான் பாவிப்பது ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டைக் கொப்பி. பக்கத்தின் மேலே ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், பகுப்பெண். இடது ஓரத்தில் பக்க இலக்கம். நூலின் வசனத்தை அப்படியே எழுதினால் மேற்கோள் குறிக்குள், என் சொல்லில் எழுதினால் குறி இல்லாமல். இந்த ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தால் மூன்று மாதம் கழித்து எது யாருடைய வசனம் என்று குழம்பத் தேவையில்லை, களவெழுத்து என்ற பழியும் வராது. போனில் படம் எடுக்க அனுமதி இருந்தால், முதலில் தலைப்புப் பக்கம், அடுத்து அதன் மறுபக்கம், பிறகுதான் வேண்டிய பக்கங்கள். பக்க இலக்கம் வெட்டுப்படாமல் எடுங்கள். கணினியில் வைத்திருக்க விரும்பினால் சொட்டெரோ என்ற இலவச மென்பொருள் போதும், தமிழ் நூல்களையும் தமிழிலேயே பதியலாம்.

பல்கலைக்கழகம் சந்தா கட்டும் தரவுத்தளங்கள் கம்பஸ் வைபையில் இருந்தால் திறக்கும். வீட்டிலிருந்து அதே கட்டுரைக்குப் போனால் காசு கேட்கும். ஆகவே வேண்டிய கட்டுரைகளை கம்பசில் இருக்கும்போதே இறக்கி வையுங்கள். இலங்கை ஆய்வுச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளம் எங்கிருந்தும் இலவசம்.

கவுன்டரில் இருப்பவர்களிடம் கேளுங்கள்

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை அமைத்தபோது ஆலோசனை சொன்னவரும் அவர்தான். நூலகருடைய வேலையே உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துவது என்று ஆகும்போது, கேட்பதற்கு ஏன் கூச்சம்?

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் விடயம் இருக்கிறது. "அண்ணா, தண்ணியைப் பற்றிப் புத்தகம் இருக்கா?" என்றால் அவர் ஒரு திசையைக் கையால் காட்டுவார். "அண்ணா, வலிகாமக் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றி எழுதுறன். 551உம் 628உம் பார்த்திட்டன். விவசாயத் திணைக்களத்தின்ர பழைய அறிக்கை ஏதும் இருக்குமா?" என்றால் அவர் எழும்பி வருவார். நான் கண்டது இது. நீங்கள் பாதித் தூரம் போயிருப்பது தெரிந்தால் மீதித் தூரம் அவர்கள் கூட்டிக்கொண்டு போவார்கள். உசாத்துணைப் பகுதி நூலகரிடம் பரீட்சை நெருக்கத்தில் போகாமல் செமிஸ்டர் தொடக்கத்தில் போங்கள். வேண்டிய நூல் எங்களிடம் இல்லை என்றால் மற்றப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எடுப்பிக்கும் ஏற்பாட்டையும் அவரிடம்தான் கேட்க வேண்டும், அதற்கு நாள் எடுக்கும்.

கம்பசுக்கு வெளியே

எங்கள் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்தைத் தேடுகிறவர்கள் வேறு கதவுகளையும் தட்ட வேண்டும். 1823இல் அமெரிக்க மிஷனின் உயர்கல்வி நிலையமான செமினரி தொடங்கிய வட்டுக்கோட்டை வளவில் இருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகம் மிஷன் காலத்து ஆய்வுக்கு முக்கியமானது. துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், எந்த இடத்திலும் அந்தக் கடிதம் வேலை செய்யும்.

'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனத்தின் இணையத்தளத்தை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக இலவசமாகக் கிடக்கின்றன. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வீட்டில் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகங்களான கல்வெட்டுகளைக் கூடச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சமூகவியலோ வரலாறோ படிக்கிறீர்கள் என்றால் அவற்றை விடாதீர்கள். ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போனார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பதெல்லாம் வேறு எந்த அலுமாரியிலும் இல்லாமல் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கும்.

புத்தகத்தை நடத்தும் முறை

ஒரு நூலகத்தில் எனக்கு வேண்டியிருந்த அத்தியாயத்தைத் திறந்தபோது பக்கங்கள் இல்லை. தையலோரமாக பிளேடால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்குச் சுத்தமான வெட்டு. பதினாறு பக்கம். அச்சில் இல்லாத நூல் அது. பரீட்சைக்கு முன் வேண்டிய நூலை வேறு அலுமாரியில், வேறு எண்ணுக்குள் ஒளித்து வைக்கிற பழக்கமும் இருக்கிறது. அப்படி ஒளித்த நூல் அடுத்த கணக்கெடுப்பு வரை தொலைந்த நூல்தான்.

இதை நான் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கி வைத்ததில் இருந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை 1981இல் எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் போயின. அதைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிற ஊரில், கையில் இருக்கிற ஒற்றைப் பிரதியில் பிளேடு வைக்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. வேண்டிய பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுங்கள். எடுத்த நூலை அலுமாரியில் நீங்களே திருப்பி வைக்காமல் மேசையில் அல்லது அதற்கான தட்டில் விடுங்கள், சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தவர்கள் வைப்பார்கள்.

கடைசி ஆண்டில்

உங்கள் துறையில் முன்னைய ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளைத் தலைப்பு முடிவு செய்வதற்கு முன்பே பாருங்கள். யார் எந்தக் கிராமத்தில் என்ன செய்தார், எங்கே நிறுத்தினார் என்று தெரிந்தால் அங்கிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் விரிவுரையாளர்களின் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. உங்களை மேற்பார்வை செய்யப் போகிறவர் எழுதியதை வாசித்துவிட்டு முதல் சந்திப்புக்குப் போங்கள்.

பட்டமளிப்புக்கு முன் நூலகத்தில் நிலுவை இல்லை என்று கையொப்பம் வாங்க வேண்டிவரும். எடுத்த நூல்களையும் தண்டப் பணத்தையும் கடைசிக் கிழமைக்கு விடாமல் முடித்துவிடுங்கள். உங்கள் ஆய்வேட்டின் பிரதி ஒன்று துறையில் இருக்கும். கள ஆய்வில் சேர்த்த தரவும், ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்த குரல் பதிவும், பழைய படமும் உங்கள் மடிக்கணினியோடு பழுதாகிப் போக விடாதீர்கள். தந்தவர்களின் சம்மதம் எழுத்தில் இருந்தால் அவற்றைத் துறைக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். சம்மதக் கடிதத்தைக் கள ஆய்வு தொடங்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள், பிறகு தேடிப் போய் வாங்குவது கஷ்டம்.